பார்த்தவர், பெயர் சொன்னவர்

2016 இறுதியில் சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் கண்ணாடி வட்டக்கூடத்துக்குள் ஒரு காடு வந்தது. ஜப்பானின் டீம்லேப் குழு ஒளியால் செய்த காடு. சுவரில் தாப்பீர் நடந்துபோகும். பிள்ளைகள் கைப்பேசியை நீட்டி அதைப் 'பிடிப்பார்கள்'. பிடிபட்ட விலங்கின் விவரம் திரையில் வரும். போக்கிமோன் கோ வெளிவந்த ஆண்டும் அதுதான் என்பதால் எந்தப் பிள்ளைக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தாப்பீர் வந்த இடம் மலாக்கா. வில்லியம் ஃபார்குவார் அங்கே ஆங்கிலேய அதிகாரியாக இருந்தபோது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாவின் செடிகொடிகளையும் விலங்குகளையும் ஆள் வைத்து வரையச் சொன்னார். மொத்தம் 477 நீர்வண்ண ஓவியங்கள். வரைந்தவர்கள் சீன ஓவியர்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எங்கும் எழுதப்படவில்லை. ஓவியங்களில் மலாய்ப் பெயர்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயர்களைச் சொன்னது யார்? மீன் விற்றவரா, காட்டுக்குள் கூட்டிப்போனவரா, வீட்டில் சமைத்தவரா? அதுவும் இல்லை. 1827இல் ஃபார்குவார் அவற்றை லண்டன் ராயல் ஆசியக் கழகத்துக்குக் கொடுத்தார். 1993இல் ஏலத்துக்கு வந்தபோது சிங்கப்பூரின் கோ கியோக் கிம் வாங்கி அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகத் தந்தார். இன்று அதற்கு 'வில்லியம் ஃபார்குவார் சேகரிப்பு' என்று பெயர். வரையச் சொன்னவர் பெயர் இருக்கிறது, வாங்கிக் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. பார்த்தவர், வரைந்தவர், பெயர் சொன்னவர் மூவரும் காணோம்.

ஃபார்குவாருக்கே இதில் ஓர் அடி விழுந்தது. தாப்பீரைப் பற்றி 1816இல் கல்கத்தாவின் ஆசியக் கழகத்துக்கு விவரம் எழுதி அனுப்பியிருந்தார். அது அச்சேறுவதற்குள் 1819இல் பிரெஞ்சு விலங்கியலாளர் தெமாரே அந்த விலங்குக்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். இன்றுவரை அந்தப் பெயருக்குப் பக்கத்தில் தெமாரேதான் நிற்கிறார். ஆனாலும் ஃபார்குவாருக்குக் கோபப்படவாவது ஒரு பெயர் இருந்தது.

நான் உயிரியல் படித்தவன் இல்லை. ஊர் கெடா. உட்லண்ட்ஸில் வாடகை அறையில் இருந்துகொண்டு மென்பொருள் சோதனை வேலை பார்க்கிறேன். கோவிட் ஆண்டில் அறைக்கும் கடைக்கும் இடையே நடந்த நடையில்தான் ஐநேச்சுரலிஸ்ட் பழக்கமானது. 2008இல் பெர்க்லியில் மூன்று முதுகலை மாணவர்கள் படிப்பை முடிக்கச் செய்த திட்டம் அது. பார்த்த உயிரைப் படமெடுத்து, இடமும் தேதியும் சேர்த்துப் போட வேண்டும். எங்கிருந்தோ யாரோ வந்து இது இன்னது என்பார். இன்னொருவர் ஆமாம் என்பார், அல்லது சண்டைக்கு வருவார். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே பெயரில் சேர்ந்தால் 'ஆய்வுத் தரம்' என்ற முத்திரை கிடைக்கும். உரிமம் இடம்கொடுத்தால் பதிவு அங்கிருந்து உலகப் பல்லுயிர்த் தரவு மையத்துக்குப் போகும், ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். போகிற இடமெல்லாம் 'பார்த்தவர்' என்ற கட்டத்தில் என் புனைபெயரும் ஒட்டிக்கொண்டு போகும். பெயர் சொன்னவர்களின் பெயர்கள் தளத்தில் வரிசையாக நிற்கும், தப்பாகச் சொன்னவர் உட்பட. என் வேலைக் கண்ணால் பார்த்தால் அது ஒரு தரவுத்தளத்தில் இரண்டு கட்டங்கள், அவ்வளவுதான். மலாக்கா ஓவியங்களில் அந்த இரண்டு கட்டங்களும் காலி.

ஆரம்பத்தில் நான் போட்டவற்றில் ஒன்று, புளோக்குக்குப் பின்னால் கால்வாய் ஓரம் நின்ற ஒரு களை. பெயர் தெரியாததால் 'செடி' என்று மட்டும் போட்டேன். ஒரு மணி நேரத்தில் யாரோ அகாலிஃபா இண்டிகா என்றார். அதே படத்தைச் சுங்கை பட்டாணியில் இருக்கும் பாட்டிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். பாட்டி முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். எழுதமாட்டார், குரல்தான் வரும்.

"இது குப்பமேனிடா. லயத்துக்குப் பின்னால மண்டிக் கெடக்கும். ஒங்கப்பனுக்குச் சொறி வந்தப்ப இதையும் மஞ்சளையும் அரச்சுத்தான் போட்டேன். பூனை இதோட வேரப் பாத்தா விடாது, பொரண்டு பொரண்டு வெளையாடும்."

பூனை விஷயம் பாட்டியின் கதை என்று நினைத்துவிட வேண்டாம். குப்பைமேனிக்குத் தமிழில் பூனைவணங்கி என்றே இன்னொரு பெயர் உண்டு. மலாயில் கூச்சிங் காலாக். கூச்சிங் என்றால் பூனைதான். பூனையை உட்கார்ந்து கவனித்தவர்கள் இரண்டு மொழியிலும் இருந்திருக்கிறார்கள். லத்தீன் பெயரில் மட்டும் பூனை இல்லை, அதற்குப் பதில் இந்தியா இருக்கிறது.

அந்தப் பெயரைத் தோண்டப்போய்தான் இந்தக் கட்டுரைக்குள் வந்து மாட்டினேன். அகாலிஃபா இண்டிகா 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர். அவர் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. நம் பக்கத்துச் செடிகளுக்கு அவர் பெரிதும் நம்பியிருந்த நூல்களில் ஒன்று ஹோர்த்துஸ் மலபாரிகுஸ். கொச்சியில் டச்சுக்காரர்களின் தலைமை அதிகாரியாக இருந்த வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. நம் களை அதில் 'கூபமேனி' என்று லத்தீன் எழுத்தில் நிற்கிறது. லயத்துக்குப் பின்னால் கிடந்த அதே சொல். ஆம்ஸ்டர்டாம் அச்சுக்கோப்பவர் கையில் ஓர் ஒற்று உதிர்ந்திருக்கிறது, வேறு சேதாரம் இல்லை.

வான் ரீடு ஒரு காரியம் செய்தார். செடிகளின் பெயரையும் பயனையும் சொன்ன இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் சான்றுரையை, அவர் எழுதிய கோலெழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சிட்டார். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களின் சான்றுரையும் நாகரியில் இருக்கிறது. நான் சொன்னேன், இது என் வீட்டு ஏடுகளில் இருந்து வந்தது என்று ஒருவர் தன் மொழியில், தன் எழுத்தில் சொல்ல, அதை 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பா அச்சடித்திருக்கிறது. வான் ரீடு நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அவர் வந்தது மிளகுக்கு. சாட்சி இல்லாமல் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள் என்ற கணக்கும் இருந்திருக்கும். எப்படியோ, 'பெயர் சொன்னவர்' கட்டம் அந்த ஒரு நூலில் நிரம்பியது. லின்னேயஸ் பெயரைச் சுருக்கியபோது அச்சுதன் உதிர்ந்துவிட்டார்.

அடுத்த ஆளை நம் பக்கத்து மாணவர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்து இறங்கினார். புக்கிட் தீமாவில், ஒரு சதுர மைலைத் தாண்டாத காட்டுத்துண்டில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைப் பிடித்தார். டெய்ரி ஃபார்ம் பூங்காவில் அவர் பெயரில் ஒரு நடைபாதை இருக்கிறது, சனிக்கிழமை காலையில் போனால் ஓடுகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாகத்தான் நடக்க வேண்டும். அடுத்த ஆண்டு சரவாக்கில் பூச்சிக்கு ஒரு காசு என்று சுரங்கத்தில் வேலை செய்த சீனர்களிடமும் டாயாக் மக்களிடமும் வாங்கினார். காசு வாங்கியவர்கள் கணக்கில் வரவில்லை. எட்டு ஆண்டுகளில் சேர்ந்தது மொத்தம் 1,25,660 மாதிரிகள்.

சரவாக்கில்தான் அலி என்ற மலாய் இளைஞர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் சமையல். பிறகு சுடவும் தோலுரித்துப் பாடம்செய்யவும் கற்றுக்கொண்டார். 1858 அக்டோபரில் பாச்சான் தீவில், வேட்டைக்குப் போய்த் திரும்பிய அலியின் இடுப்பில் ஒரு பறவை தொங்கியது. மார்பில் பச்சை, ஒவ்வொரு தோளிலிருந்தும் இரண்டு நீண்ட வெள்ளை இறகுகள். வாலஸ் அதுவரை பார்த்திராத சொர்க்கப் பறவை. லண்டனுக்குப் போனது. 1859இல் அருங்காட்சியகத்து கிரே அதற்குப் பெயர் வைத்தார்: செமியோப்டெரா வாலாசீ. கண்டுபிடித்த வாலஸின் நினைவாக.

வாலஸ் மறைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பறவையைக் கொண்டுவந்தது அலி என்று அவரே தன் நூலில் எழுதுகிறார். 1862இல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது அலியைக் கோட்டு போட்டுப் படமெடுக்க வைத்து, அந்தப் படத்தைக் கடைசிவரை வைத்திருந்து தன் வாழ்க்கை வரலாற்றில் அச்சிட்டார். பெயர்வைக்கும் முறைக்குள்தான் அலிக்கு இடமில்லை. 1907இல் தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க விலங்கியலாளர் தெர்னாத்தே தீவில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கிழவர் வழியில் நிறுத்தித் தன்னை அலி வாலஸ் என்று அறிமுகப்படுத்திக்கொண்டாராம். பார்பர் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். பறவைக்குக் கிடைத்த பெயரை அந்த மனிதர் தனக்கும் எடுத்துக்கொண்டார். எனக்கு இது சோகமா நகைச்சுவையா என்று தீர்மானிக்க முடியவில்லை. இந்தப் பகுதியில் வைக்கப்பட்ட முதல் புனைபெயர் என்று சில நேரம் தோன்றும்.

பால்மரக் கதையும் இதே தினுசு. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளும் எண்ணப்பட்டிருக்கின்றன. ரிட்லி பெயர் பள்ளிப் புத்தகத்தில் வருகிறது. எந்த மரம் எந்த மழைக்குப் பிறகு எப்படிப் பால் விடும் என்று விடியற்காலை பெரட்டில் நின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மங்கோடு கவிழ்ந்துபோனது.

இந்தக் கட்டங்கள் நிரம்ப ஆரம்பித்தது மின்னஞ்சலும் இணையமும் வந்த பிறகு. புலாவ் ஊபினின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்ற கடலோரம், நிலமீட்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2001இல் தன்னார்வலர்களும் ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அருங்காட்சியகத்தினரும் கடல் வற்றும் நேரமெல்லாம் போய் உயிர்களை எண்ணினார்கள். படங்களும் தகவலும் மின்னஞ்சலிலும் இணையத்திலும் பரவ, ஆயிரக்கணக்கானவர்கள் படகேறிப் பார்க்கப் போனார்கள். அந்த டிசம்பரில் அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. இன்று நாம் நடக்கும் பலகைப் பாலம் 2007இல் திறந்தது. பார்த்தவர்கள் எழுதிவைத்ததால் நின்ற நிலம் அது.

அதே நேரத்தில் உலகின் இன்னொரு பக்கத்தில் கூட்டம் வேறு மாதிரி கூடியது. 1999 மே மாதம் பெர்க்லியில் செட்டி அட் ஹோம் தொடங்கியது. வேற்றுக்கோள் சமிக்ஞை தேட உங்கள் கணினியின் ஓய்வு நேரத்தை இரவல் கொடுக்க வேண்டும். ஐம்பது லட்சத்துக்கும் மேல் ஆட்கள் சேர்ந்தார்கள். சமிக்ஞை கிடைக்கவில்லை. அங்கே மனிதர் செய்ய ஒன்றுமில்லை, மின்கட்டணம் கட்டியதைத் தவிர. 2005இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் குழு இதே முறையில் ரோசெட்டா அட் ஹோம் கொண்டுவந்தது. புரதம் எப்படி மடிகிறது என்று கணினி முயன்று பார்ப்பது திரையில் ஓடும். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. இந்த மெஷின் முட்டாள்தனமாக மடிக்கிறது, நாங்களே நன்றாக மடிப்போம் என்று எழுதினார்கள். மென்பொருள் சோதிக்கிறவனாக எனக்கு இந்த மனநிலை நன்றாகப் புரியும். திரைக்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்தவனுக்குத்தான் ஓட்டை கண்ணில் படும்.

அந்தப் புகாரிலிருந்து 2008இல் ஃபோல்டிட் என்ற விளையாட்டு பிறந்தது. புரதச் சங்கிலியை இழுத்து, திருகி, மடித்துப் புள்ளி எடுக்க வேண்டும். உயிர்வேதியியல் தெரிய வேண்டாம். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு வைரஸின் நொதி, பத்து ஆண்டுக்கு மேல் வடிவம் பிடிபடாமல் கிடந்தது. அதைப் புதிராகப் போட்டார்கள். ஆட்டக்காரர்கள் மூன்று வாரத்துக்குள் பயன்படக்கூடிய வடிவத்தைக் கொடுத்தார்கள். 2011இல் வந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் பேராசிரியர்களோடு 'ஃபோல்டிட் கண்டெண்டர்ஸ் குழு', 'ஃபோல்டிட் வாய்ட் கிரஷர்ஸ் குழு' என்று இரண்டு அணிகள். வெற்றிடத்தை நொறுக்குவோர்! அலிக்குக் கிடைக்காத வரிசையில், விளையாட்டுக்காக வைத்துக்கொண்ட பெயர்கள் ஏறி நின்றன.

வானத்திலும் இது நடந்தது. 2007 ஜூலையில் கேலக்ஸி ஜூ என்ற திட்டம் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்களிடம் பிரித்துப்பார்க்கக் கொடுத்தது. நெதர்லாந்தின் ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல், இந்த நீலத் திட்டு என்ன என்று கேட்டார். வானியலாளர்களிடம் பதில் இல்லை. இன்று அதற்கு ஹன்னியின் வோர்வெர்ப் என்றே பெயர். வோர்வெர்ப் என்றால் டச்சில் வெறும் 'பொருள்'. பொருள் என்னவென்று தெரியாதபோதும் பார்த்தவர் பெயர் தெரிந்திருந்தது.

கூட்டம் எப்போதும் பார்க்கிற பக்கத்தில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2005 செப்டம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு அசுரனின் சாபம் குகைக்குள் நிற்காமல், வளர்ப்பு விலங்குகள் வழியே ஊர்களுக்குள் பரவி, தெருவெல்லாம் எலும்புக்கூடானது. சிலர் வைத்தியம் பார்க்க ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். 2007இல் லான்செட்டின் தொற்றுநோய் இதழ் இதை ஆராயும் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. கோவிட்டில் இதைப் பற்றி மறுபடி பேசினார்கள். விளையாடப் போனவர்கள் மாதிரிகளாகிப்போன கதை.

2020இல் ஆல்ஃபாஃபோல்டு 2 வந்து, ஃபோல்டிட்காரர்கள் ராத்திரி கண்விழித்துச் செய்ததைப் போன்ற வேலையை இயந்திரத்திடம் கொடுத்தது. ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாகப் பொதுவில் சேர்த்துவைத்த புரத வடிவங்களைத் தின்றுதான் அது கற்றது. 2024இல் வேதியியல் நோபல் பேக்கருக்கும் ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய ஹசாபிஸ், ஜம்பர் இருவருக்கும் போனது. வேதியியல் நோபலைக் குழுவுக்குக் கொடுப்பதில்லை, தெரியும். வாய்ட் கிரஷர்ஸ் யாராவது அன்று செய்தி பார்த்தார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

ஐநேச்சுரலிஸ்டிலும் 2017 முதல் இயந்திரம் பெயர் பரிந்துரைக்கிறது. அது கற்றது பார்த்தவர்களின் படங்களிலிருந்தும் பெயர் சொன்னவர்களின் முடிவுகளிலிருந்தும். நானும் பயன்படுத்துகிறேன், வசதிதான். 2025 ஜூனில், கூகுளின் மானியத்தில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, இது ஏன் இந்த இனம் என்று விளக்கும் வசதியை உருவாக்கப்போவதாகத் தளம் அறிவித்தபோது பெரிய சண்டை. தண்ணீரும் மின்சாரமும் வீணாகும் என்றார்கள், தப்பான விளக்கம் பரவும் என்றார்கள். எனக்குப் பட்ட வாதம் வேறு. 'இதன் காலில் இந்த மயிர் இருப்பதால் இது அது' என்று இருபது வருஷம் பார்த்த ஒருவர் ஒரு புகைப்படத்துக்குக் கீழே எழுதுகிறார். அந்த வரியை உருக்கிப் பொது விளக்கமாக ஊற்றினால் அவர் அச்சுதன் மாதிரி உதிர்ந்துவிடுவார். கூகுளுக்குத் தனிச் சலுகை இல்லை என்று தளம் விளக்கம் கொடுத்தது. சிலர் கணக்கை மூடிவிட்டுப் போனார்கள், பலர் இருக்கிறார்கள். நானும் இருக்கிறேன். பாட்டியின் குப்பைமேனிப் பதிவில் குறிப்புப் பகுதியில் பூனை விஷயத்தைத் தமிழிலேயே எழுதி, சொன்னவர் என் பாட்டி, முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி என்று போட்டிருக்கிறேன்.

என் சிலந்திப் படங்களுக்கெல்லாம் ஜொகூரிலிருந்து ஒருவர் பெயர் சொல்லிவந்தார். ஆணா பெண்ணா தெரியாது, புனைபெயர் ஒரு மீனின் பெயர். ஒருமுறை வேலியோரச் செடியில், இரண்டு இலைகளுக்கு நடுவே ஒளிந்திருந்த நீலப் பளபளப்புக் குதிக்கும் சிலந்தியைப் போட்டேன். தியானியா பாமோயென்சிஸ் என்று சொல்லிவிட்டு, கீழே மலாயில் இரண்டு வரி எழுதியிருந்தார்: சின்ன வயசில் இதைத் தீப்பெட்டிக்குள் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சண்டை விடுவோம், தோற்ற சிலந்தியை இலையோடு திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் கம்பத்துச் சட்டம் என்று.

சில மாதங்களுக்கு முன் அவர் கணக்கு இல்லை. காரணம் எதுவாகவும் இருக்கலாம். கணக்கை அழித்தால் சொன்ன பெயர்களும் எழுதிய குறிப்புகளும் சேர்ந்து அழிந்துவிடும், அது தளத்தின் விதி. என் பதிவு 'சிலந்தி' என்ற நிலைக்குத் திரும்பிப் போயிருந்தது. தீப்பெட்டி இல்லை. படத்தைத் திறந்து பரிந்துரையைத் தட்டினேன். ஒரு நொடியில் பட்டியல் வந்தது. முதலில் நின்ற பெயர் தியானியா பாமோயென்சிஸ்.